ஊவாத் தேயிலைக்காகப் பேசியவர்கள்

பதுளையில் எந்த நாட்டுத் தூதரகமும் இருந்ததில்லை. ஆனால் பதுளை மலைகளில் பறித்த கொழுந்தின் பேரில் லண்டனில் ஒரு சங்கம் இயங்கியது. திருச்சிராப்பள்ளியில் ஓர் அலுவலகம் நடந்தது. சிகாகோவில் ஒரு தேநீர் மண்டபம் எழும்பியது. மூன்றுக்கும் முன்கை எடுத்தவர்கள் தோட்டத் துரைமாரும் கொழும்பு ஏஜென்சிக் கம்பனிகளும். அரசாங்கம் பின்னால் வந்து கையெழுத்துப் போட்டது, சட்டம் செய்து கொடுத்தது, சில வேளை காசும் கொடுத்தது.

ஒரு நாட்டுச் சரக்குக்கு வெளியே சந்தை பிடிப்பது, பேர் எடுத்துக் கொடுப்பது, தடை விழுந்தால் பேசித் தீர்ப்பது ஆகிய காரியங்களைச் சேர்த்து வர்த்தக இராஜதந்திரம் என்கிறார்கள். பாடப்புத்தகப்படி இது தூதரகத்து வர்த்தக அதிகாரியின் வேலை. ரேமண்ட் சானர், லிச்சியா யூ என்ற ஆய்வாளர்கள் 2003இல் எழுதிய ஒரு கட்டுரையில், கம்பனிகளும் தொண்டு அமைப்புகளும் இந்த வேலைக்குள் இறங்கிவிட்டதைப் புதுக்காலத்து மாற்றமாக விவரித்தார்கள். ஊவாவில் இருந்து பார்ப்பவருக்கு அதில் புதுமை தெரியாது. இங்கே ஆரம்பமே அப்படித்தான். பிந்தி வந்து சேர்ந்தது அரசாங்கம். இன்னும் வந்து சேராதவர் கொழுந்து பறிப்பவர். அவருடைய படம் 1890களிலிருந்து உலகம் சுற்றுகிறது. அவருக்காகப் பேச யார் யாரோ போய் வந்திருக்கிறார்கள். அவர் போனதில்லை.

துரைமாரின் வெளியுறவு

கொழும்பில் வர்த்தக சம்மேளனம் 1839இல் தொடங்கியது. கண்டியில் தோட்டத் துரைமார் சங்கம் 1854இல் கூடியது. இரண்டும் கோப்பிக் காலத்துப் பிள்ளைகள். 1869இல் வந்த இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தபோது, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலை கைகொடுத்தது. ஆனால் நட்டால் போதாது, விற்க வேண்டும். லண்டனில் அப்போது சீனத் தேயிலையும் அசாம் தேயிலையும் கொடிகட்டிப் பறந்தன. இலங்கை என்றால் கோப்பி என்றே வியாபாரிகள் நினைத்தார்கள்.

அந்த நினைப்பை மாற்றும் வேலையை எந்த வெளியுறவு அமைச்சும் செய்யவில்லை. அப்படியொரு அமைச்சே அன்று இங்கில்லை. 1883 ஜூலை 30ஆம் திகதி கொழும்பில் முதல் தேயிலை ஏலம் சொமர்வில் கம்பனி அலுவலகத்தில், வர்த்தக சம்மேளனத்தின் ஆதரவில் நடந்தது. 1888இல் லண்டனில் இலங்கைச் சங்கம் அமைந்தது. 1894இல் கொழும்புத் தேயிலை வியாபாரிகள் சங்கம் வந்தது. 1890களின் தொடக்கத்தில் துரைமார் தாங்களே கேட்டு, ஏற்றுமதியாகும் தேயிலைமேல் ஒரு சிறு வரி போட வைத்தார்கள். தங்கள்மேல் வரி போடும்படி முதலாளிகள் கேட்ட சம்பவம் உலகத்தில் அடிக்கடி நடப்பதில்லை. அந்தக் காசுதான் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் இலங்கை மண்டபத்துத் தேநீராகியது. அங்கே பத்து லட்சம் பொதிகள் விற்றதாகத் தேயிலைத் தொழிலின் வரலாற்றுப் பதிவுகள் பெருமையாகச் சொல்கின்றன. அமெரிக்கரைக் கோப்பியிலிருந்து பிரிக்க முடியவில்லை என்பது வேறு கதை.

ஊவாத் துரைமாருக்கு இன்னொரு தனிக் கவலை இருந்தது. சரக்கு கீழே இறங்க வேண்டுமே. நானுஓயாவுக்கு 1885இல் வந்த ரயில், அப்புத்தளைக்கு 1893இல், பண்டாரவளைக்கு 1894இல் வந்தது. பதுளைக்கு வர 1924 ஆனது. ஒவ்வொரு மைலுக்கும் சங்கத்து மனுக்களும் சட்டசபைப் பேச்சுகளும் செலவாயின. தெமோதரைச் சுற்றுப்பாதையையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் படம் எடுக்க வருகிறவர்களுக்கு, அது அடிப்படையில் ஏற்றுமதிக்காகக் கேட்டு வாங்கிய பாதை என்பது தெரியாது.

1904இல் நடந்தது இன்னும் துணிச்சலானது. துரைமார் சங்கத்தின் முயற்சியில் திருச்சிராப்பள்ளியைத் தலைமையகமாகக் கொண்டு இலங்கைத் தொழில் ஆணையகம் என்ற ஆள்சேர்ப்பு அலுவலகம் திறக்கப்பட்டது. தமிழ் மாவட்டங்களில் கிளைகள், கங்காணிகளுக்கு வழிகாட்டல், பிற்காலத்தில் மண்டபம் முகாம் வழியாக ஆட்களை அனுப்பும் ஏற்பாடு என்று ஒரு முழு நிர்வாகம். கடல்கடந்த நிலத்தில் ஒரு தொழில் சங்கம் நடத்திய துணைத்தூதரகம் என்றே அதைச் சொல்லலாம். இந்திய அரசு அதற்குப் பதில் சொல்ல ஏறக்குறைய இருபது வருடம் எடுத்தது: 1923இல்தான் கண்டியில் தன் முகவரை அமர்த்தியது. 1927இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்துக்குப் பின்னால் இந்திய அரசின் அழுத்தம் இருந்தது.

அப்புத்தளைக்கு வந்த கடைக்காரர்

இந்த வரிசையில் சங்கம் எதிலும் அடங்காத ஓர் ஆள் உண்டு. கிளாஸ்கோவில் மளிகைக்கடை நடத்தி நாடெங்கும் கிளைகள் போட்டிருந்த தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்தார். கோப்பி விழுந்து மலிவாகக் கிடந்த தோட்டங்களை அப்புத்தளைப் பக்கம் வாங்கினார். தம்பேதன்னையில் ஆலை கட்டினார். மலை உச்சியிலிருந்து கொழுந்து மூட்டைகள் கம்பியில் தொங்கி இறங்கின. லண்டன் மின்சிங் வீதித் தரகர்களுக்குப் பங்கு கொடுக்காமல், தோட்டத்துச் சரக்கு நேரே தேநீர்க் குவளைக்கு வருகிறது என்று விளம்பரம் செய்தார். விலையை இறக்கினார். சிறு பொதிகளில் ஒரே தரம், ஒரே எடை. பிரித்தானியத் தொழிலாளி வீட்டுக்குள் இலங்கைத் தேயிலை நுழைந்ததில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

அவர் சொன்னதில் பாதி வியாபாரப் பேச்சு. அவருடைய கடைகளில் விற்ற தேயிலை முழுவதும் அவருடைய தோட்டங்களில் விளைந்திருக்க வழியே இல்லை. மிகுதியை மற்றவர்களைப் போலவே ஏலத்தில் வாங்கினார். ஆனாலும் ஊவாவின் ஒரு மூலையை உலக வரைபடத்தில் வைத்தது அந்தப் பேச்சுதான். கூடவே, பொதியில் ஒரு தமிழ்ப் பெண்ணின் படம், முதுகில் கூடையோடு. அந்தப் படத்துக்கு என்ன கூலி என்று யாரும் கேட்கவில்லை.

கொலம்பியாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே கோப்பி விவசாயிகளின் தேசியக் கூட்டமைப்பு 1927இல் தொடங்கியது. 1959இல் அவர்கள் ஒரு விளம்பர நிறுவனத்தைக் கொண்டு கோவேறு கழுதையோடு நிற்கும் ஹுவான் வல்டேஸ் என்ற கற்பனை விவசாயியை உருவாக்கினார்கள். கற்பனை ஆள்தான், ஆனால் அந்த முகத்தின் உரிமை விவசாயிகளின் கூட்டமைப்பிடம் இருக்கிறது. நம்முடைய கொழுந்துக்காரி நிஜம். அவள் முகம் யாரோ ஒருவரின் வியாபாரக் குறி.

1930களின் மந்தத்தில் தேயிலை விலை படுத்தபோது, தனியார் சங்கங்கள் அரசுகளின் வேலையை எவ்வளவு தூரம் செய்ய முடியும் என்பது முழுதாகத் தெரிந்தது. 1933 பெப்ரவரியில் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் உற்பத்தியாளர் சங்கங்கள் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்தன. ஏப்ரல் முதல் ஐந்து வருடத்துக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு. முதல் வருடம் 15 வீதக் குறைப்பு. முதலில் ஒப்பந்தம் ஆனது முதலாளிகளிடையே. மூன்று நாட்டு அரசுகளும் பிறகு அதற்குச் சட்டம் இயற்றின. தோட்டத்துக்குத் தோட்டம் ஏற்றுமதிக் கூப்பன் வந்தது. சிறு நிலக்காரர்கள் கொழுந்து பறிப்பதை விடக் கூப்பனை விற்பது லாபம் என்று கண்டுகொண்டார்கள். 1935இல் உலகெங்கும் தேநீர் குடிக்க வைக்கும் பிரசாரத்துக்கென்று ஒரு சர்வதேசச் சபை ஜெர்வஸ் ஹக்ஸ்லியின் தலைமையில் இயங்கத் தொடங்கியது. விலை நிமிர்ந்தது. ஆனால் அதே மந்த வருடங்களில் தோட்டச் சம்பளம் வெட்டப்பட்டது. அது பற்றி லண்டன் மேசையில் யாரும் உடன்படிக்கை செய்யவில்லை.

அந்தக் காலத்து ஆட்களின் கனம் தெரிய வேண்டுமானால் அப்புத்தளையில் அடிசம் பங்களாவைப் பார்க்கலாம். ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவராக இருந்த சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டியது. பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரசலின் பேரன், ஏஜென்சிக் கம்பனியின் தலைவர், கொழும்புச் சட்டசபையில் உறுப்பினர், எல்லாம் ஒரே ஆள். அரசு எது, தனியார் எது என்று அவரிடம் பிரித்துக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். இன்று அந்தப் பங்களா பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். ஜாம் போத்தல் வாங்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

மக்களை வைத்து நடந்த பேரம்

1940இல் பதுளைக்குப் பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம் மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் தனி அத்தியாயம். சமசமாஜக் கட்சியின் சங்கத்தோடு நின்ற தொழிலாளர்கள், தங்கள் தோட்டக் குழுவோடு நிர்வாகம் நேரே பேச வேண்டும் என்பதை ஒத்துக்கொள்ள வைத்தார்கள். பேச்சுவார்த்தை என்ற பொருள் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்குள் வந்த முதல் தருணங்களில் அது ஒன்று. ஆனால் அங்கே பேசியது சம்பளமும் மரியாதையும். சரக்கு எங்கே, என்ன விலைக்குப் போகிறது என்பது துரையின் சங்கதி. அந்தப் பிரிவினை அப்படியே உறைந்துபோனது.

அரசுகள் நேரே பேசியபோது என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். சரக்குப் பட்டியல் போல எண்ணிப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களின் சங்கங்களிடம் சம்மதம் கேட்கவில்லை; இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் தொண்டமான் எதிர்த்துப் பேசியும் பலனில்லை. இந்தியாவுக்குக் கப்பலேறப் பதுளையிலிருந்து தலைமன்னாருக்குப் போன குடும்பங்கள் அந்தக் கணக்கின் மிச்சம். அரசுக்கு வெளியே உள்ளவர்கள் இராஜதந்திரம் செய்வது ஆபத்து என்று எச்சரிக்கிறவர்களுக்கு, அரசுகள் செய்த இராஜதந்திரம் இது என்று காட்டலாம்.

தொழிலாளியின் நிலை வெளிநாட்டுச் சந்தையில் முதல்முறை பெரிதாகப் பேசப்பட்டது 1973இல். பிரித்தானியக் கிரனடா தொலைக்காட்சி ஒரு கோப்பைத் தேநீரின் விலை என்ன என்று கேட்டு, இலங்கைத் தோட்டங்களில் படம் பிடித்து ஒளிபரப்பியது. மறுவருடம் ‘வோர் ஒன் வோண்ட்’ என்ற தொண்டு அமைப்பு இலங்கைத் தேயிலைத் தொழிலாளர் பற்றி விசாரணை அறிக்கை வெளியிட்டது. தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்த வருடங்கள் அவை. தேநீரை மேசையில் வைத்துக்கொண்டே பிரித்தானியக் குடும்பங்கள் அந்த லயங்களைப் பார்த்தன. கண்டியில் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972இல் தொடங்கிய சத்யோதய போன்ற நிலையங்கள் உள்ளூரிலிருந்து தோட்ட நிலைமையைப் பதிவு செய்து வந்தன.

விளைவு எதிர்பாராத பக்கம் போனது. தோட்டங்களை வைத்திருந்த பிரித்தானிய ஸ்டேர்லிங் கம்பனிகளின் பேர் கெட்டது. 1975இல் அவற்றின் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டபோது லண்டனில் கண்ணீர் விட ஆள் குறைவாக இருந்தது. தோட்டம் அரசுடைமையானது, லயம் லயமாகவே இருந்தது. வெளிநாட்டு மனச்சாட்சியை நம்பி எழுப்பிய குரல் உள்நாட்டு அரசியலின் கையில் வேறு பயன் கண்டது.

அரசுடைமைக் காலத்திலும் ஒன்று மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஜனவசம, பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற அரச நிறுவனங்கள் தோட்டங்களை நடத்தின; 1976 ஜனவரியில் தேயிலைச் சபை வந்தது; சிங்க முத்திரை வந்தது. ஆனால் ஏலத்தை நடத்தியவர்கள் அதே தரகர்கள், வாங்கிக் கப்பலேற்றியவர்கள் அதே ஏற்றுமதியாளர்கள். 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனபோதும் சந்தைப் பக்கம் அசையவில்லை. ஆட்சிகள் தோட்டத்தை மாற்றி மாற்றி எடுத்தன. வெளிநாட்டுத் தொடர்பு என்ற சாவி வியாபாரியின் இடுப்பிலேயே கிடந்தது.

கச்சான் அடிக்கும் மாதங்கள்

ஊவாவுக்கு ஏன் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். காரணம் காற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மலைக்கு அப்பால் கொட்டிவிட்டு, ஈரமற்ற காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. கச்சான் என்பார்கள். உதடு வெடிக்கும், புழுதி பறக்கும், கொழுந்து குறையும். அந்தக் குறைந்த கொழுந்தில்தான் ஊவாவின் விசேஷம் ஏறுகிறது. செடி தண்ணீருக்குத் தவிக்கும்போது மெதில் சாலிசிலேட் முதலான வாசனைப் பொருட்கள் இலையில் கூடுகின்றன. நல்ல சீசன் தேநீரை முகர்ந்தால் கோடாலித் தைலத்தின் சாயல் மெதுவாக மூக்கில் ஏறும். அந்த வாரங்களில் ஆலைகளில் இரவெல்லாம் விளக்கெரியும். கொழுந்தைக் கடுமையாக வாட்டி, குளிர் நேரத்தில் அரைத்து, வாசம் போவதற்குள் உலர்த்தி எடுக்க வேண்டும். பெக்டரி ஒஃபிசர் அந்த மாதத்தில் தூங்கினால் வருடம் போச்சு.

அந்தத் தேயிலை கொழும்புக்குப் போகிறது. தரகர் கம்பனியின் சுவை பார்ப்பவர் வெள்ளைக் கோப்பைகளின் வரிசையில் உறிஞ்சித் துப்பி, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு மதிப்பு எழுதுகிறார். மாதிரிகள் ஏற்றுமதியாளர்களுக்குப் போகின்றன. ஒசாகாவிலும் ஹம்பேர்க்கிலும் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு அங்கிருந்து போகின்றன. ஜப்பானியத் தேநீர்ப் புத்தகங்கள் டார்ஜிலிங், சீனத்துக் கீமுன் ஆகியவற்றோடு ஊவாவையும் உலகின் முப்பெரும் தேயிலைகளில் எண்ணுகின்றன. அந்தப் பேரைச் சம்பாதித்தது தலைமுறை தலைமுறையாக மாதிரிப் பொதி அனுப்பிய வியாபாரிகள். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்குக்குள், ஏலம் முழுவதும் இணையத்துக்கு மாறியது. தரகரும் வியாபாரிகளும் தேயிலைச் சபையும் சில வாரங்களில் அதைச் செய்து முடித்தார்கள். சந்தை நின்றிருந்தால் தோட்டங்களில் சம்பளம் நின்றிருக்கும்.

ஜப்பான் நல்ல வாடிக்கையாளர், கண்டிப்பான வாடிக்கையாளர். 2006 மேயிலிருந்து அங்கே எச்ச அளவு விதிகள் இறுகின: தனியாக அளவு குறிக்கப்படாத இரசாயனம் எதுவும் 0.01 பீ.பீ.எம்.மைத் தாண்டக் கூடாது. 2015இல் இலங்கை அரசு சிறுநீரக நோய்ப் பயத்தில் கிளைபோசேட் களைகொல்லியைத் தடைசெய்தது. தோட்டங்கள் எம்.சி.பி.ஏ. போன்ற மாற்று மருந்துக்குப் போயின. அதன் எச்சம் ஜப்பானிய அளவைத் தாண்டியது. ஜப்பானிய இறக்குமதியாளர் தரப்பிலிருந்து எச்சரிக்கை வந்தது. துரைமார் சங்கம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அரசோடு மல்லுக்கட்டியது. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை நீங்கியது. கொழும்பின் சுகாதாரக் கொள்கை ஒன்றை டோக்கியோவின் கொள்வனவாளர்கள் திருத்தி எழுத வைத்தார்கள் என்றால் மிகையில்லை. மருந்தடிக்கும் தொழிலாளியின் உடம்பு பற்றி அந்த வாதத்தில் எவ்வளவு பேசப்பட்டது என்பது என் சந்தேகம். ஜப்பானியக் குவளையில் விழும் துளிக்கு அளவுண்டு. பதுளையில் முதுகில் தொட்டி சுமப்பவரின் நுரையீரலுக்கு அப்படியொரு அளவு கேட்டுச் சங்கம் போராடியதாக நான் அறியேன்.

ரஷ்யக் கதை இன்னும் வெளிப்படையானது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதி ஒன்றில் கப்ரா வண்டு கண்டதாகச் சொல்லி, 18ஆம் திகதியிலிருந்து இலங்கையின் தாவரப் பொருட்கள் அனைத்துக்கும் ரஷ்யா கதவடைத்தது. அன்று ரஷ்யா நமது பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று. இலங்கை அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்தத் திட்டமிட்டிருந்த நேரம். அஸ்பெஸ்டஸ் பெருமளவு வருவது ரஷ்யாவிலிருந்து. ஏற்றுமதியாளர்கள் பதறினார்கள், அரசுக் குழு மொஸ்கோவுக்கு ஓடியது, மாதம் முடிவதற்குள் தடை நீங்கியது. அஸ்பெஸ்டஸ் தடை ஒத்திப்போனது. வண்டுக்கும் கூரைத் தகட்டுக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு தரப்பும் சொல்லலாம். மலையகத்தில் எத்தனையோ வீடுகளுக்குக் கூரை அந்தத் தகடுதான் என்பதால் எனக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

ஈரான் விவகாரத்தில் வேலை வேறு விதமாகப் பிரிந்தது. 2012இல் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை 25.1 கோடி டொலர் கடன். அமெரிக்கத் தடைகளால் வங்கி வழியே பணம் போக முடியாது. 2021 டிசம்பரில், மாதம் 50 லட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கடனை அடைப்பது என்று ஒப்பந்தம் ஆனது. ஈரானிய இறக்குமதியாளர் தம் நாட்டு நாணயத்தில் எண்ணெய் நிறுவனத்துக்குக் கட்டுவார்; கொழும்பு ஏற்றுமதியாளருக்கு ரூபாயில் கிடைக்கும். அரசு போட்ட ஒப்பந்தம்தான். ஆனால் ஓடுவது இரண்டு நாட்டுத் தனியார் வியாபாரிகளின் பழைய பழக்கத்தின்மேல். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் ஒப்பந்தத்தாள் கோப்பில் தூங்கும். ஈராக், துருக்கி, லிபியா, ஐக்கிய அரபு அமீரகம் என்று நமது பெரிய சந்தைகளைப் பாருங்கள்: யுத்தமும் தடையும் நாணயச் சரிவும் மாறி மாறி வரும் இடங்கள். இங்கே வியாபாரம் நிற்பது துபாய் வழியாகக் காசை நகர்த்தத் தெரிந்த ஆட்களால்.

வியாபாரிகள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர்கள் ஒரே குரல் கிடையாது. வெளிநாட்டுத் தேயிலையை இறக்கி, கலந்து, பொதி செய்து ஏற்றுமதி செய்ய விட வேண்டும் என்பது ஏற்றுமதியாளர்களில் ஒரு பெரும்பகுதியின் பல வருடக் கோரிக்கை. தோட்டக்காரர்களும் சிற்றுடைமையாளர்களும் எதிர்க்கிறார்கள். டில்மாவைத் தொடங்கிய, 2023இல் காலமான மெரில் ஜே. பெர்னாண்டோ ஏற்றுமதியாளராக இருந்தும் அந்த யோசனையைக் கடுமையாக எதிர்த்தவர். கலக்காத இலங்கைத் தேயிலை என்பதே அவர் விற்ற சரக்கு. ஊவாவின் நலன் இதில் அவர் பக்கம்தான். கலப்பில் முதலில் மறைவது பருவத்து வாசம்.

2010 இறுதியில், ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் 3.50 ரூபாய் பிரசார வரி வந்தது. 1890களின் வரியின் பேரப்பிள்ளை. அன்று காசு கொடுத்தவர்களே செலவழித்தார்கள், இரண்டு வருடத்தில் சிகாகோவில் தேநீர் ஊற்றினார்கள். இன்று காசு சேர்ந்தபின் உலகப் பிரசாரம் தொடங்குவதற்குள் அமைச்சர்கள் மாறினார்கள், கேள்விப்பத்திரங்கள் ரத்தாகின, வருடங்கள் ஓடின. தனியார் செய்தால் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த ஒப்பீட்டில் அரசுக்குப் பெருமை இல்லை.

சான்றிதழும் சம்பளமும்

இருபத்தோராம் நூற்றாண்டில் தோட்டத்துக்குப் புதிதாக வந்த தரப்பு சான்றிதழ்காரர்கள். 1997இல் பிரித்தானியத் தேயிலைப் பொதி கம்பனிகள் கூடி, பின்னால் ‘எதிக்கல் டீ பார்ட்னர்ஷிப்’ என்று பேர் பெற்ற அமைப்பைத் தொடங்கின. 2007இல் யூனிலீவர், லிப்டன் பைகளுக்கு ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் சான்று பெற்ற தோட்டங்களிலிருந்து வாங்கப்போவதாக அறிவித்தது. ஃபெயார்ட்ரேட் முன்பே இருந்தது. அப்புத்தளைப் பக்கம் இதல்கஸ்ஹின்ன போன்ற தோட்டங்கள் இயற்கை விவசாயத் தேயிலைக்கு ஐரோப்பியச் சந்தை பிடித்திருந்தன. இன்று சான்றுப் பலகை இல்லாத பெரிய ஆலை வாசலைக் காண்பது கஷ்டம்.

இந்தப் பலகைகளால் நன்மை உண்டு. கழிப்பறை, பிள்ளை மடுவம், மருந்து வைக்கும் அறை, எச்சப் பரிசோதனை எல்லாம் கொஞ்சம் ஒழுங்கானது. ஆனால் ‘ஓடிட்’ நாளில்தான் கையுறை வெளியே வரும் என்று மலையில் சொல்லிச் சிரிப்பார்கள். சான்றுக்கான செலவு தோட்டத்தின் கணக்கில். சான்றின் பேர் ஐரோப்பியக் கடைத்தட்டில். தொழிலாளிக்கு அது வழக்கமாகக் கேள்விகளோடு வந்து போகும் ஒரு வாகனம். ஐ.நா.வின் நவீன அடிமைத்தனம் பற்றிய விசேட அறிக்கையாளர் தோமோயா ஒபொகாட்டா 2021 நவம்பர் கடைசியில் வந்து தோட்டங்களையும் பார்த்துவிட்டு எழுதியபோது, சான்றுப் பலகைகள் பல வருடமாகத் தொங்கும் மலையகத்தில் இன்னும் லயமும் கடனும் இருப்பதை உலகம் மறுபடி கேட்டது.

தொழிற்சங்கங்கள்? 1990களின் பின்பகுதியிலிருந்து 2021 வரை சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தில் தீர்ந்தது: ஒரு பக்கம் கம்பனிகள் சார்பில் முதலாளிமார் சம்மேளனம், மறுபக்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் உள்ளிட்ட சங்கங்கள். அந்த ஒப்பந்தங்களில் விலைப்பங்குக் கொடுப்பனவு என்று ஒரு பகுதி இருந்தது. 2016இல் அது 30 ரூபாய், 2019இல் 50 ரூபாய். தேயிலை விலையில் தொழிலாளிக்கும் ஒரு பங்கு என்பதுதான் அதன் அர்த்தம். அப்படியானால் ஏலத்தில் என்ன விலை, எந்தச் சந்தை விழுந்தது, யார் வாங்குகிறார், கம்பனிக்கும் அதன் ஏற்றுமதிக் கிளைக்கும் நடுவில் விலை எங்கே நிற்கிறது என்று கேட்கும் உரிமை சங்கத்துக்கு வருகிறது அல்லவா? சங்கங்கள் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. 1,000 ரூபாய்க்குப் போராடினார்கள். 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக அது வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. 2024இல் 1,350 ஆனது. ஒவ்வொரு முறையும் கம்பனி “உலகச் சந்தையில் விலையில்லை” என்றது. சங்கம் “வாழ்க்கைச் செலவு ஏறிவிட்டது” என்றது. முதலாவதைச் சரிபார்க்கச் சங்கத்தில் ஆளில்லை.

ஏன் இல்லை என்றுதான் எனக்கு ஆத்திரம். பதுளை-பசறை வீதியில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டம் கொடுக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவாக் கிளை பசறையில் இருக்கிறது. லயத்துப் பிள்ளைகள் பட்டம் பெற்றுக் கொழும்புத் தரகர் அலுவலகங்களில் வேலைக்குச் சேரும் காலம் இது. சந்தாக் காசில் ஒரு சந்தை ஆய்வாளரை அமர்த்த எந்தச் சங்கத்துக்கும் வழியில்லை என்றால் நம்ப முடியவில்லை.

பேர் யாருக்கு

இப்போது நடக்க வேண்டிய வேலை, விளையும் ஊரின் பேருக்குச் சட்டப் பாதுகாப்புத் தரும் புவிசார் குறியீடு. 2022இல் புலமைச் சொத்துச் சட்டம் திருத்தப்பட்டு உள்நாட்டுப் பதிவுக்கு வழி வந்தது. அதே வருடம் பெப்ரவரியில் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்புக் கொடுத்தது. டார்ஜிலிங் 2004இலேயே இந்தியாவின் முதல் புவிசார் குறியீடாகிவிட்டது. தேயிலைச் சபை நாட்டை ஏழு பிராந்தியங்களாகப் பிரித்து ஊவாவுக்கும் தனி முத்திரை வைத்திருக்கிறது. முத்திரை வேறு, சட்டப் பாதுகாப்பு வேறு. நாட்டின் கொழுந்தில் 70 வீதத்துக்கு மேல் சிற்றுடைமையாளர்களிடமிருந்து, அதிலும் தாழ்நிலத்திலிருந்து வரும்போது, கொழும்பில் பேசுகிறவர்களுக்கு ‘சிலோன்’ என்ற பொதுப் பேரே போதும். ஊவா என்ற சின்னப் பேருக்குக் குரல் கொடுக்க ஊவாவிலிருந்துதான் ஆள் வர வேண்டும். பதுளை வர்த்தகர்கள், தோட்ட முகாமையாளர்கள், பசறை ஆராய்ச்சியாளர்கள், வெலிமடை-ஹாலி எலச் சிற்றுடைமையாளர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்ததாக இன்னும் கேள்விப்படவில்லை.

அப்படி உட்கார்ந்தால் முதலில் எழுத வேண்டியது விவரக்குறிப்பு. எந்த எல்லைக்குள் விளைந்தது, எந்த உயரம், எந்த மாதங்கள் சீசன், எப்படி வாட்டுவது, எப்படிப் பறிப்பது என்று விதி விதியாக அதில் வரும். பறிப்பது பற்றிய வரியில்தான் சண்டை வரும். ஆள் பற்றாக்குறையில் பல தோட்டங்கள் கத்தரியாலும் இயந்திரத்தாலும் கொழுந்து எடுக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் உலகத்துக்கு நாம் விற்கும் வாக்குறுதி கையால் கிள்ளிய இரண்டு இலையும் ஒரு மொட்டும். அந்த வாக்குறுதி குறியீட்டின் விதியாக எழுதப்பட்டால், அதைக் காப்பாற்றும் விரல்கள் இல்லாமல் ஊவா என்ற பேரைப் பொதியில் போட முடியாது. எழுதாமல் விட்டால் போடலாம். விவரக்குறிப்பு எழுதும் நாளில் அந்த ஒரு வரிக்காகவாவது தோட்டத் தலைவர் ஒருவர், முடிந்தால் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், நாற்காலி கேட்டு வாங்க வேண்டும்; அந்த வரிக்குத் தனி விலை என்ன, அது ஏலத்தில் எவ்வளவு, பேரில் எவ்வளவு என்று கணக்குத் தாளோடு கேட்க வேண்டும்.